ஊழியம் என்றார்கள், நீ ஊதியம் கேட்டாய்

அன்புள்ள கிருபா,

நீ கூடுவாஞ்சேரிக்குப் போன பிறகும் உன் அறை ஃபேனை உன் அம்மா காலையில் சிறிது நேரம் ஓடவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "ரூம்ல காத்து ஓடட்டும்" என்கிறாள். நானும் அதற்கு மேல் கேட்பதில்லை. கூடுவாஞ்சேரி ஒன்றும் தூர தேசம் இல்லை. தாம்பரத்தில் லோக்கல் ஏறினால் ஒரு டீ குடித்த வாசம் வாயில் இருக்கும்போதே இறங்கிவிடலாம். ஆனாலும் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு வேறு மாதிரிதான் இருக்கிறது. எங்கள் ரயில்வே ஓய்வூதியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கார்டாக வேலை பார்த்தவன் என்ன எழுதுவான்? கொடி, விசில், மழையில் நின்ற வண்டி. அதையெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் உனக்கு ஒரு கடிதம் எழுதி அதையே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு மேல்படிப்புப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

போனில் உன்னிடம் அனுமதி கேட்டபோது நீ ஒரு நிபந்தனை வைத்தாய். "எழுதுங்கப்பா. ஆனா ஸ்கூல் பேரு, ஆளுங்க பேரு எதுவும் வேணாம். யார் வீட்டுக் கதைய எழுதுறீங்களோ அவங்ககிட்ட மொதல்ல கேட்டுக்கோங்க." அப்படியே கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். உன் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

உன் படிப்பிலிருந்து தொடங்குகிறேன். பிளஸ் டூ முடித்ததும் நம் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கிளம்பினார்கள். நீ சமூகப் பணி படிக்கிறேன் என்றாய். நான் தடுக்கவில்லை என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அது என்ன படிப்பு என்று எனக்குப் புரியாததால்தான் தடுக்கவில்லை. பி.ஏ. முடித்தாய், எம்.எஸ்.டபிள்யூ. முடித்தாய், பிறகு எம்.ஃபில். வாரத்தில் பாதி நாள் களப்பணி என்று ஆஸ்பத்திரி வார்டுகளுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் போய், முகம் கறுத்து வருவாய். சில நாள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாய். பம்மல் பக்கம் அந்தப் பள்ளியில் உனக்கு வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்களிடம் நான், "பொண்ணு டீச்சரா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைப் பெண் பார்க்க சாம் வீட்டார் வந்த அன்றும் அப்படியே சொன்னேன். நீ காபித் தட்டை வைத்துவிட்டு, "டீச்சர் இல்ல ஆன்ட்டி. ஸ்கூல் சோஷியல் வொர்க்கர். அப்பாவுக்கு அத விளக்குறதுக்கு சோம்பேறித்தனம்" என்றாய். அவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது சோம்பேறித்தனம் இல்லை என்று உனக்குத் தெரியும். நீ வாங்கிய சம்பளத்துக்கு 'டீச்சர்' என்ற சொல் கொஞ்சம் போர்வையாக இருந்தது.

உன் வேலை என்ன என்று எனக்குப் புரிந்த நாளை இங்கே எழுத வேண்டும். நான் ஓய்வு பெற்ற புதிது. பணியில் இருந்தவரை வண்டி என்னை எழுப்பும், வண்டி என்னைத் தூங்க வைக்கும். ஓய்வுக்குப் பிறகு எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியாமல் சோபாவில் கிடந்தேன். அப்படி ஒரு நாள், அடைமழைக் காலத்தில், "என் ஸ்கூட்டர் ரிப்பேர்ப்பா, பொழிச்சலூர் வரைக்கும் உங்க வண்டில கொண்டு விடுறீங்களா" என்று கேட்டாய். உன் ஸ்கூட்டருக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். முந்தின நாள்தான் அதில் அம்மா காய்கறி வாங்கி வந்தாள். சோபாவில் கிடந்த அப்பனை வெளியே கிளப்ப மகள் சொன்ன பொய் அது. நானும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பொய்க்கு உனக்கு முதல் நன்றி.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தாரணி என்று வைத்துக்கொள்வோம், சில வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஃபீஸ் பாக்கி என்பதால் வரவில்லை என்று நினைத்து, ஆபீஸில் பெயரை எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். நீ, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறாய். பொழிச்சலூரில் அந்தச் சந்துக்குள் கணுக்கால் வரை தண்ணீர். வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் வீடுகள். வண்டியை நிறுத்தியதுமே பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா, ஃபீஸு கேக்க வந்துகீறியா? அந்த வூட்டு ஆம்பள பில்டிங் சாரத்துலேர்ந்து வியுந்து செத்து ஒரு மாசந்தான் ஆவுது. போ, போய்க் கேளு."

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பேன். நீ, "தெரியாதுக்கா. இப்பதான் கேள்விப்படுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாய். கதவு ஒரு சாண் திறந்தது. அந்தப் பெண்ணின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஏன் ஸ்கூலுக்கு வரவில்லை என்று நீ கேட்கப்போகிறாய் என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். நீ கேட்டது: "தாரணி, இந்தக் குடைய எங்க வைக்கட்டும்? உள்ள வெச்சா வீடெல்லாம் சொட்டும்." அவள் யோசித்துவிட்டுக் கதவைத் திறந்து கையை நீட்டிக் குடையை வாங்கினாள். நீ உள்ளே போய்விட்டாய்.

நான் எதிரில் இருந்த பெட்டிக்கடைக் கூரையின் கீழ் நின்றேன். பிறகு நீ தலையை மட்டும் நீட்டி, "அப்பா, பக்கத்துல எங்கயாவது சூடா இட்லி கிடைக்குமா? காரச் சட்னி வேணாம், சாம்பார் மட்டும்" என்றாய். மழையில் மெயின் ரோடு வரை போய் வாங்கி வந்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனாய். திரும்பி வரும் வழியில் பல்லாவரம் சிக்னலில் நின்றபோது, "என்னம்மா பிரச்சனை அங்க?" என்று கேட்டேன். "அது அவங்க வீட்டு விஷயம்ப்பா" என்றாய். மழையில் நனைந்து இட்லி வாங்கி வந்தவனுக்கு அவ்வளவுகூடச் சொல்லக்கூடாதா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதன் பிறகும் சில முறை உன்னை அங்கே கொண்டுபோய் விட்டேன். ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாரணி மறுபடி பள்ளிக்கு வருகிறாள் என்பது மட்டும் உன் முகத்தில் தெரிந்தது.

கதை எனக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணின் அம்மா சொல்லித்தான். செல்வி என்று எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் ஏர்போர்ட்டில் துப்புரவு வேலை முடித்து, அந்த யூனிஃபார்மோடு, தாரணியையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நீ வீட்டில் இல்லை. வாசலில் நின்றபடியே பேசத் தொடங்கியவரை அம்மாதான் உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"அய்யா, என் பொண்ண இஸ்கூலுக்கு இட்டுகினு போவத்தான் மிஸ்ஸு வந்துச்சு. வந்து பாத்தா நான் செவுத்தப் பாத்துகினு படுத்துகீறேன். அவுரு போனதுலேர்ந்து நான் எழுந்துக்கவே இல்ல. எங்கம்மா எதுனா பண்ணிக்கும்னு பயந்துகினு இந்தப் பொண்ணு வூட்ட வுட்டு நகரல. மிஸ்ஸு அதெல்லாம் ஒண்ணும் கேக்கல அய்யா. என் தலமாட்டுல வந்து குந்திகினு, 'அக்கா, கடைசியா எப்ப சாப்ட்டீங்க'ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். எனக்கு அளுவ வந்துருச்சு. அன்னிக்கித்தான் நான் அளுதேன், அவுரு செத்ததுக்கு."

பிறகு நீ அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனதையும், விதவை பென்ஷனுக்குத் தாலுகா ஆபீஸில் அவரோடு நின்றதையும், பக்கத்து வீட்டு அம்மாவையே பகலில் வந்து பார்த்துக்கொள்ள வைத்ததையும் சொன்னார். "பொண்ண எழுப்ப வந்து என்னிய எழுப்பிட்டு போச்சு" என்றார். இந்த மலரில் எழுதலாமா என்று சென்ற வாரம் கேட்டபோது, "எளுதுங்க அய்யா. என்னிய மாரி படுத்துகினு கீறவங்க யாராவது படிச்சா எழுந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு நான் நெடுநேரம் யோசித்தேன். நல்ல மனசு எனக்கும் உண்டு. அந்த வீட்டுக்குள் நான் போயிருந்தால் "அழாதம்மா, மனச தேத்திக்கோ" என்றிருப்பேன். கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, புண்ணியம் செய்த நிம்மதியோடு வெளியே வந்திருப்பேன். அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். உன்னிடம் ஒருநாள், "எப்படிம்மா அந்தக் கேள்வியக் கேக்கணும்னு தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "சும்மா தெரியலப்பா. படிச்சேன். காலேஜ்ல தப்புத் தப்பா கேட்டு, மேடம்கிட்ட திட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பழகுனேன். மனசு நல்லா இருந்தா போதும்னா எதுக்குப்பா அத்தன வருஷம் படிக்கணும்?" என்றாய். ஒரு சர்ஜன் கையில் இருக்கும் பழக்கம்போல உன் வாயில் இருக்கும் அந்த ஒரு கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஜூனில் பள்ளியில் எல்லாருக்கும் சம்பள உயர்வு வந்தது. முதுகலை ஆசிரியர்களுக்கு ஒரு ஸ்கேல், பட்டதாரி ஆசிரியர்களுக்கு ஒரு ஸ்கேல், அலுவலகப் பணியாளர்களுக்கு ஒரு ஸ்கேல். நீயும், உங்கள் பள்ளியை நடத்தும் அதே டிரஸ்ட்டின் வண்டலூர்ப் பள்ளியில் சமூகப் பணியாளராக இருக்கும் வசந்தி அக்காவும் கடைசிப் பட்டியலில் இருந்தீர்கள். அவர் உனக்கு மூத்தவர், பி.எச்டி. வேறு முடித்தவர். ஆபீஸ் வேலை மட்டம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. "அவங்களுக்கும் குறைச்சல்தான்ப்பா குடுக்கிறாங்க. ஆனா நான் செய்யிற வேலைக்கு முதுகலை வேணும்னு கேட்டது அவங்கதானே? அப்ப முதுகலைக்கு உள்ள சம்பளத்தத்தானே குடுக்கணும்?" என்பதுதான் உன் கேள்வி. ரயில்வேயில் இருந்த எனக்கு இது விளங்கவே இல்லை. எங்களுக்குப் பே கமிஷன் இருந்தது, டி.ஏ. இருந்தது, ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்க யூனியன் இருந்தது. ஒரு டிகிரி வைத்திருந்த என் சம்பளத்தை நான் யாரிடமும் தலை சொறிந்து வாங்கியதில்லை. அதற்கு மேல் படித்த என் மகள் "பார்த்துச் செய்கிறோம்" என்ற பதிலோடு வீட்டுக்கு வந்தாள்.

தாளாளர் கெட்டவர் இல்லை. உன் வேலையை மதித்தவர்தான். நீ கடிதம் கொடுத்தபோது அன்பாகவே பேசினாராம். "இது வேலையாம்மா? ஊழியம். இதுக்கெல்லாம் விலை போட முடியுமா?" என்றாராம். சாப்பாட்டு நேரத்தில் நீ இதைச் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு எழுத்த மாத்தி ஊதியமாக் குடுத்துருங்க சார்னு வாய் வரைக்கும் வந்துச்சுப்பா, முழுங்கிட்டேன்" என்றாய். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நம் வீட்டில் ஊழியம் என்பது கர்த்தர் பணியைக் குறிக்கும் பெரிய சொல். அதைச் சொல்லிக் குறைவாகக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தாளாளருடைய மாமனார் என்னோடு ரயில்வேயில் இருந்தவர்தான், நான் போய் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா. தயவுல வந்த சம்பளம், தயவு தீர்ந்தா போயிரும்" என்றாய்.

அம்மா உடனே, "உனக்குப் பேரே கிருபைன்னு வெச்சோமேடி" என்றாள்.

"பேருக்கு இருக்கட்டும்மா. சம்பளத்துக்கு வேணாம்."

சில வாரம் கழித்து உனக்குப் புதுப் பதவிப் பெயர் கொடுத்தார்கள். மாணவர் நல மேலாளர். புதிய அடையாள அட்டை, பழைய சம்பளம். எனக்கு எங்கள் கதை நினைவுக்கு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு கார்டு என்ற பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். என் கூட வேலை பார்த்தவன் போன் பண்ணி, "மேனேஜர் ஆயிட்டேன்டா, அதே கொடி, அதே விசில்" என்று சிரித்தான். நீ அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரிக்காமல் வேலைக்குப் போனாய்.

அதன் பிறகு வந்ததுதான் கடினமான கட்டம். உன் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். தாளாளர் உன்னை அழைத்து, நீ கேட்ட அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சம்பளத்தைச் சொல்லி, வண்டலூர்ப் பள்ளியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வசந்தி அக்காவை விடுவித்துவிடுவதாகவும் சொன்னார். யோசித்துச் சொல்லம்மா என்றார். வீட்டுக்கு வந்து சொன்னாய். அம்மா, "கல்யாணச் செலவு இருக்கு. இத விட்டா இன்னும் எத்தன வருஷம் கேட்டுட்டே இருப்ப?" என்றாள். எனக்கோ ஏற்றுக்கொள் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. நீ முகம் கழுவிக்கொண்டு, "நான் வசந்தி அக்காவப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று வண்டலூருக்குக் கிளம்பிவிட்டாய். எங்களிடம் நீ யோசனை கேட்கவில்லை, செய்தி சொன்னாய் என்று அப்புறம்தான் புரிந்தது.

அன்று நடந்ததை வசந்தி அக்காவே பிறகு என்னிடம் சொல்லியிருக்கிறார். "நான் இத்தன வருஷத்துல ஒரு தடவகூடக் கேட்டதில்ல அங்கிள். கேட்டா பணத்தாசன்னு நெனைப்பாங்களோன்னு பயம். இவ வந்து என் வேலையே போகப் போகுதுன்னு என்கிட்டயே சொல்றா. சொல்லிட்டு, 'அக்கா, நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போவோமா'ன்னு கேக்குறா. மறைச்சிருந்தா எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?" மறுநாள் இருவரும் சேர்ந்தே போய், இரண்டு பள்ளிக்கும் ஆள் வேண்டும், இருவருக்கும் முதுகலை ஸ்கேல் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தீர்கள். பதில் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தி அக்கா நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுதான் என்னால் ஒரு உதவி செய்ய முடிந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் எங்கள் யூனியன் பழக்கத்தைச் சொன்னேன். "வேலைய விடாதீங்க, நிறுத்தவும் நிறுத்தாதீங்க. ஆர்டர்ல என்ன வேலன்னு போட்டிருக்கோ அத மட்டும் ஒழுங்காப் பண்ணுங்க. ரயில்வேல நாங்க விதிப்படி வேலைன்னு சொல்லுவோம். எல்லாரும் விதிப்படி நடந்தா எந்த வண்டியும் நேரத்துக்குப் போகாது. அப்பத்தான் நாம விதிக்கு மேல எவ்வளவு செஞ்சோம்னு தெரியும்." நீங்கள் இருவரும் உங்கள் நியமன ஆணைகளை எடுத்துப் பார்த்தீர்கள். பிள்ளைகளைச் சந்திப்பது, வீடுகளுக்குப் போவது, பெற்றோரிடம் பேசுவது, ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்வது, இவைதான் இருந்தன. வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது இல்லை. பஸ் ட்யூட்டி இல்லை. அட்மிஷன் நோட்டீஸ் கொடுப்பது இல்லை. ஆண்டு விழாவில் மைக் பிடிப்பதும் இல்லை. இவ்வளவையும் நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள். நீ ஒன்றை மட்டும் மாற்றினாய். "ஒரு பிள்ள தேடி வந்தா மட்டும் நான் மணி பாக்க மாட்டேன்ப்பா. அது விதியில இல்லன்னாலும்."

முதல் கோபம் மேனேஜ்மென்ட்டிடமிருந்து வரவில்லை, ஸ்டாஃப் ரூமிலிருந்து வந்தது. உன் தலையில் விழுந்துகொண்டிருந்த வகுப்புகள் எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. கெமிஸ்ட்ரி எடுக்கும் மூத்த ஆசிரியர், டேவிட் சார் என்கிறேன், உன்னை வராண்டாவில் நிறுத்தி, "என்ன கிருபா, ரொம்ப ரூல்ஸ் பேசுறீங்களாமே?" என்று கேட்டாராம். நீ சண்டை போடாமல் உன் ஸ்கேல் எது என்பதை மட்டும் சொன்னாயாம். அவர் நம்பவில்லை. நீ தன்னைப் போலத்தான் வாங்குகிறாய் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு பையன் எதற்கும் பதில் சொல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததும், உன்னிடம் அனுப்பியதும், அவன் நல்லபடியாகத் தேர்வு எழுதிவிட்டுப் போனதும் அவருக்கு நினைவிருந்தது. அவன் உன்னிடம் என்ன சொன்னான் என்று நீ அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. அந்த வாரமே முதுகலை ஆசிரியர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சமூகப் பணியாளர்கள் இருவரையும் எங்கள் ஸ்கேலில் சேர்த்துவிடுங்கள் என்று மனு கொடுத்தார்கள். அந்த மனிதர்களுக்கு நம் வீட்டின் நன்றியை இந்த எழுத்தில் வைக்கிறேன். தன் தட்டில் குறைந்துவிடுமோ என்று பயப்படாமல் பக்கத்து இலைக்குப் பரிமாறச் சொல்கிறவர்கள் குறைவு.

பிறகு நடந்த கூட்டத்தைப் பற்றி வசந்தி அக்கா எங்களுக்கு நடித்தே காட்டினார். தாளாளர் கேட்டாராம், "டீச்சர்ஸ் ரிசல்ட் காட்டுறாங்க. நீங்க என்ன ரிசல்ட் காட்டுவீங்க?" நீ தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாயாம்.

"சார், கெமிஸ்ட்ரில சென்டம் வாங்குனவங்க பேர வாசல் போர்டுல எழுதலாம். எங்க வேலைல நடக்காமப் போனதுதான் ரிசல்ட். படிப்ப நிறுத்தாத பிள்ள, பதினஞ்சு வயசுல கல்யாணம் ஆகாத பொண்ணு, சாகாத பையன். அவங்க பேர போர்டுல எழுத முடியாது. நீங்க எழுதச் சொன்னாலும் நான் குடுக்க மாட்டேன்."

டிரஸ்ட்டில் ஒருவர், "ஆனா பி.எட். இல்லையே" என்று இழுத்தபோது, இத்தனை வருடம் வாயே திறக்காத வசந்தி அக்கா பேசினார். "சார், விளம்பரத்துல நீங்க பி.எட். கேக்கல. எம்.எஸ்.டபிள்யூ.தான் கேட்டீங்க. அதக் கொண்டு வந்தோம். கேட்ட பொருளக் கொண்டு வந்தப்புறம், வேற பொருள் இல்லயேன்னு வெலயக் குறைக்கலாமா?" இதை அவர் நம் வீட்டு ஹாலில் நின்று சொல்லி முடித்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. பார்க்கிறோம் என்றார்கள், ஆடிட்டரைக் கேட்கிறோம் என்றார்கள், பொங்கல் போனது, பரீட்சை போனது. நீ ஒருமுறை சோர்ந்து, வேறு வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட்டாய். கடைசியில் இந்தக் கல்வியாண்டிலிருந்து உங்கள் இருவரையும் முதுகலை ஆசிரியர் ஸ்கேலில் வைத்து ஆணை வந்தது. போன வருடங்களுக்கு எதுவும் இல்லை. வசந்தி அக்காவின் பழைய வருடங்களையும் முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் நீ முழுதாகச் சந்தோஷப்படவில்லை, இன்னும் அதற்காக எழுதிக்கொண்டிருக்கிறாய். எழுது. ஆனால் தாளாளருக்கும் என் நன்றி உண்டு. ஆணையைக் கையில் கொடுக்கும்போது, "நான் சொன்ன வார்த்தை தப்பும்மா" என்று உன்னிடம் சொன்னாராமே. பதவியில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

இப்போது உன் வீட்டைப் பற்றி ஒன்று. ஊழியம் என்ற சொல் பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை, அடுப்படியிலும் இருக்கிறது. அன்பாகத்தான் வரும். வேலைக்குப் போய் வந்தவள் சமைத்துப் பாத்திரம் கழுவித் துணி மடிப்பதை யாரும் கட்டளையாகச் சொல்ல மாட்டார்கள். நீயே எடுத்துச் செய்யத் தொடங்குவாய், பிறகு அது உன்னுடையதாகிவிடும். உன் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ஷிஃப்ட் முடித்து வந்தவன் என்று என்னை எதையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டாள். நானும் தொடாமல் இருந்துவிட்டேன். இந்த வயதில்தான் குக்கருக்கு எத்தனை விசில் என்று அவளிடம் கேட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாம் நல்ல பையன். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கேட்பதில் அன்பு குறைந்துவிடாது என்பதை நீ எனக்கு நிரூபித்துவிட்டாய். அப்புறம், வரும் சம்பளத்தில் முதலில் உனக்கு நல்ல செருப்பு வாங்கு. அத்தனை சந்து சுற்றுகிறவள் வருடக்கணக்காக ஒரே செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். நீ கேட்டு வாங்கிய பணத்தை நீ அனுபவிக்க வேண்டும். மற்றவர் துக்கத்தைச் சுமக்கிறவர்கள் தாங்களும் வாடித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. அதை நம்பாதே. சோர்வாக இருக்கும் நாளில் லீவு போடு. எங்களிடம் வந்து தூங்கு. உன் அறையில் காற்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை எதிர்வீட்டு மாணிக்கம் வந்தார். நம் இரும்புலியூரில் அவர்கள் பூர்வீகக்காரர்கள், இப்போது ஹார்ட்வேர் கடை நடத்துகிறார்கள். மகள் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கணும் என்கிறாளாம். கேட்டைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. படிக்க வெச்சுருவேன். ஆனா அந்தப் படிப்புக்குச் சோறு போடுற சம்பளம் வருமா? சேவ, சேவன்னு சொல்லிக் காலிப் பையோட அனுப்பிருவாங்கன்னு சொல்றாங்களே?"

அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். எல்லா இடத்திலும் வராது என்று உண்மையைச் சொன்னேன். பிறகு, அன்று காலைதான் வசந்தி அக்கா போனில் சொல்லியிருந்த ஒரு செய்தியைச் சொன்னேன். உங்கள் டிரஸ்ட் இந்த ஆண்டு தொடங்கிய மூன்றாவது பள்ளிக்கு ஒரு இளம்பெண்ணைச் சமூகப் பணியாளராக எடுத்திருக்கிறார்கள். இப்போதுதான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவளாம். முதல் நாளே முதுகலை ஸ்கேலில் ஆணையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவள் கேட்கவே இல்லையாம். ஆணையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இது எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கும் என்ற நினைப்போடு, ஒரு பிள்ளையின் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பிப் போனாளாம்.

அவளுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. அது தெரியாமலே அவளுக்கு அந்த ஸ்கேல் கிடைத்ததுதான் நீ செய்த வேலை. எனக்குத் தெரியும், மகளே. அதற்கு நன்றி.

அப்பா